சுவர்க்கோழி 'ஸ்டார்ட்டர் கிட்' வாங்குகிறவர்கள் முதலில் முட்டைப் பெட்டியைக் கிளறிப் பாருங்கள்

அரோவானா, ஆஸ்கர் மீன்களுக்குத் தீனியாகச் சுவர்க்கோழி வளர்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. கடையில் 'கிரிக்கெட்' என்று கேட்டால்தான் புரியும். ஆன்லைனில் விற்கும் ஒருவரிடம் மூன்று பேர் தனித்தனியாக மூன்று கிட் வாங்கினோம். ஒன்று 2,600 ரூபாய், கூரியர் தனி. 500 வளர்ந்த பூச்சி, 1,000 முட்டை உள்ள பெட்டி, ஹீட்டிங் பேட், தீவனம், தண்ணீர் ஜெல் எல்லாம் உண்டு என்றது விளம்பரம். மூன்று கிட்டிலும் ஏமாற்று ஒரே மாதிரி.

உயிரோடு வந்து சேரும் என்பதற்கு அவர் தரும் உத்தரவாதம் 48 மணி நேரம். முட்டை பொரிக்க 30 டிகிரி வெப்பத்தில் 10 முதல் 13 நாள் ஆகும். பணத்தைப் பறிப்பது இந்த இடைவெளியில்தான். பதினைந்தாம் நாள் கேட்டால், "ப்ரோ, அவசரப்படாதீங்க, நம்ம ஊர் கிளைமேட்டுக்கு இருபத்தஞ்சு நாள் ஆகும்" என்று வாய்ஸ் மெசேஜ் வரும். இருபத்தைந்தாம் நாள் கேட்டால், "ஈரம் ஜாஸ்தியா வச்சுட்டீங்க" என்று பழி நம் மேல் விழும். இரண்டும் பொய். அறை 25, 26 டிகிரிக்கு இறங்கினால் மூன்று வாரம் வரை இழுக்கலாம். மே மாதச் சென்னையில் அதற்கு வழியே இல்லை.

அதனால் பார்சல் வந்த அன்றே சோதியுங்கள். பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். முட்டைப் பெட்டியின் ஓரத்தில் ஒரு டீஸ்பூன் அளவு தேங்காய் நார்த்தூளை அடிவரை தோண்டி எடுத்து, கறுப்புத் தட்டில் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். நல்ல முட்டை 2, 2.5 மி.மீ. நீளம், இரு முனையும் மழுங்கிய சீரக சம்பா அரிசி போல, வெளிர் மஞ்சளாக, பளபளப்பாக, உப்பலாக இருக்கும். ஊசி முனையால் தொட்டால் உருளும். செத்த முட்டை சுருங்கி ஒரு பக்கம் குழிந்திருக்கும், அல்லது பழுப்பாகி அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூஞ்சை நூல் ஓடியிருக்கும். 1,000 முட்டை உள்ள சின்ன டப்பாவில் ஒரு ஸ்பூனுக்குப் பத்து இருபதாவது கண்ணில் பட வேண்டும். எங்கள் மூன்று டப்பாவில் ஒன்றில் முட்டையே இல்லை, வெறும் நார்த்தூள். மற்ற இரண்டிலும் நாலைந்து, அத்தனையும் குழிந்தவை.

பெட்டியில் தேதி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒழுங்காக வளர்ப்பவர் பெண் பூச்சிகளுக்கு முட்டைத் தட்டு வைத்த தேதியை எழுதாமல் இருக்கவே மாட்டார். தேதி தெரியாவிட்டால் அவருக்கே தொழில் ஓடாது. தேதி கேட்டு மழுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. துள்ளும் பூச்சியை யாரும் எண்ண மாட்டார்கள் என்ற தைரியத்தில் விற்கிறார்கள். எண்ண வேண்டாம், எடை போடுங்கள். வளர்ந்த வீட்டுச் சுவர்க்கோழி ஒன்று ஏறக்குறைய 0.4 முதல் 0.5 கிராம். 500 என்றால் 200 கிராமாவது வர வேண்டும். உள்ளே வரும் கோழிமுட்டை அட்டையோடு பையை நிறுத்து, பூச்சியை உதறிவிட்டு அட்டையையும் பையையும் மறுபடி நிறுத்தால் நிகர எடை கிடைத்துவிடும். எங்களுக்கு வந்ததில் அதிகபட்சம் 110 கிராம்.

வந்ததும் கிழடுகள். சிறகு முளைத்தபின் இந்தப் பூச்சி சில வாரம்தான் வாழும். ஓரம் கிழிந்த சிறகு, முறிந்த உணர்கொம்பு, ஒரு பின்னங்கால் இல்லாமை எல்லாம் முட்டையிட்டு ஓய்ந்ததன் அடையாளம். தொடக்கத்துக்கு வாங்க வேண்டியது சிறகு முளைக்கப் போகும் பருவத்துப் பூச்சி. அது வளர்ந்து ஒரு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். பெண்ணுக்குப் பின்புறம் ஊசி போல நீண்ட முட்டைக் குழல் தெரியும். வந்ததில் பெண் பூச்சி பாதிக்குக் குறையக் கூடாது. ஆண்களாகத் தள்ளிவிட்டால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

இனத்தையும் மாற்றுகிறார்கள். விளம்பரப் படத்தில் இருந்தது ஆக்கெட்டா டொமெஸ்டிகஸ் என்ற வீட்டுச் சுவர்க்கோழி: வைக்கோல் நிறம், தலையில் கரும்பட்டைகள், உடலை மூடும் சிறகு. ஒருவருக்கு வந்தது கிரில்லோடெஸ் சிகில்லேட்டஸ் என்ற வேறு இனச் சுவர்க்கோழி. பெண்ணுக்குச் சிறகு பேருக்குத்தான், ஆணுக்குப் பாதி உடல் வரை, உடலில் குறுக்கே கரும்பட்டை. இது மோசமான தீனி இல்லை. ஆக்கெட்டாவை வாரிக்கொண்டு போகும் டென்சோ வைரஸை இது நன்றாகவே தாங்கும். ஆனால் அடுக்களை இடுக்கில் தானாக ஓடும் பூச்சியை 'இம்போர்ட்டட்' விலைக்கு விற்பது அநியாயம்.

அந்த வைரஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அதில் வரும். 2009, 2010 வாக்கில் வட அமெரிக்காவின் பெரிய சுவர்க்கோழிப் பண்ணைகளைக் காலி செய்தது இதுதான். வளர்ச்சி நின்று, கடைசிப் பருவத்திலோ வளர்ந்த உடனேயோ மல்லாந்து விழுந்து காலை உதைத்துக்கொண்டே சாகும். மருந்து கிடையாது. எச்சத்திலும் அட்டையிலும் கிருமி நெடுநாள் இருக்கும். எங்களுக்கு வந்த முட்டை அட்டைகள் எச்சக் கறை படிந்த பழைய அட்டைகள். வைரஸ் இருந்ததா என்பது சோதனைக்கூடத்தில் பார்த்தால்தான் தெரியும். ஆனால் பழைய அட்டையில் அனுப்புவதே குற்றம். புதிதாக வந்ததை ஏற்கெனவே வளரும் பெட்டியோடு சேர்க்காதீர்கள். வேறு அறையில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், அதற்கென்று தனிக் கரண்டி, தனி டப்பா.

ஹீட்டிங் பேட் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வேண்டுமானால் சரி. சமவெளியில் அது பூச்சியை அவிக்கும். பெட்டி 28 முதல் 32 டிகிரியில் இருந்தால் போதும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு மாடியில் வைத்தால் பேட் இல்லாமலே செத்துவிடும்.

கிட்டே தேவையில்லை என்பதுதான் எங்கள் முடிவு. பூச்சியை மட்டும் நேரில் பார்த்து வாங்குங்கள். மற்றதெல்லாம் பக்கத்துக் கடையில் கிடைக்கும். 60 லிட்டர் வழவழப்பான பிளாஸ்டிக் பெட்டி, 300 பூச்சிக்கு மேல் வேண்டாம். மூடியில் பெரிய சதுரம் வெட்டி இரும்புக் கம்பி வலை பொருத்துங்கள், நைலான் வலையைக் கடித்துவிடும். காற்றோட்டம் குறைந்தால் ஈரமும் அம்மோனியா நாற்றமும் சேர்ந்து ஒரே இரவில் கொன்றுவிடும். 30 கோழிமுட்டை பிடிக்கும் அட்டைகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கினால் எச்சம் கீழே விழும். தீனிக்குக் கோழிக்குஞ்சுத் தீவனமும் கோதுமைத் தவிடும். தண்ணீருக்குக் கேரட், உருளைக்கிழங்குத் துண்டு. திறந்த கிண்ணத் தண்ணீரில் குஞ்சுகள் மூழ்கிவிடும். புரதமோ ஈரமோ குறைந்தால் ஒன்றையொன்று தின்னும்.

முட்டையிட, சாப்பாட்டு டப்பாவில் 4 செ.மீ. உயரம் நார்த்தூள். உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசி, கையில் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்டும் ஈரத்தில் நிரப்புங்கள். இரண்டு நாள் உள்ளே வைத்து, எடுத்து, தேதி எழுதி, துளையிட்ட மூடி போட்டு வையுங்கள். பொரித்த குஞ்சு 2 மி.மீ.தான். ஒரு நாள் ஈரம் இல்லாவிட்டாலும் மொத்தமும் காய்ந்துவிடும்.

நம் பக்கத்தில் தவறும் இடங்கள் இரண்டு உண்டு. விற்றவர் அதைச் சாக்காகச் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். ஒன்று, அதே அறையில் கொசு லிக்விட், கொசுவத்தி, எறும்பு சாக்பீஸ். கொசுவைக் கொல்லும் மருந்து இதையும் கொல்லும். சந்தைக் கொத்தமல்லியில் தங்கிய பூச்சிமருந்தும் அப்படியே. இன்னொன்று எறும்பு. பெட்டியை ஸ்டாண்டில் ஏற்றி நான்கு காலுக்கும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் வைக்காவிட்டால் முட்டை டப்பா ஒரே ராத்திரியில் காலி.

"வளர்த்துக் குடுங்க, கிலோ கணக்குல நாங்களே திருப்பி எடுத்துக்கறோம்" என்றும் இதே ஆள் சொல்கிறார். 2012-இல் மோசடி என்று வெளிவந்த பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைத் திட்டத்தில் பணம் போட்டவர்களும் திரும்ப வாங்கும் உறுதியை நம்பித்தான் போட்டார்கள். எடைக்கு என்ன விலை, எத்தனை நாளில் எடுப்பார், எடுக்காவிட்டால் என்ன என்று முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு எழுதித் தரவில்லை.

பணம் போயிருந்தால் வாட்ஸ்அப் உரையாடல், யூபிஐ ரசீது, பிரித்த வீடியோ, எடை போட்ட படம் நான்கையும் பத்திரப்படுத்தி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஓடியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் மூவரும் 1915-இல் கொடுத்திருக்கிறோம். ஒருவருக்கு மட்டும் பாதிப் பணம் வந்தது. மீதி வந்தால் இங்கேயே எழுதுகிறோம்.