செம்மறி ஆடு ஆய்வுக்கூடம்: ஆபரேஷன் தியேட்டரை அப்புறம் பாருங்கள், முதலில் கொட்டில்

நாங்கள் செய்த 5 மில்லிமீட்டர் செயற்கை ரத்தக் குழாயை 6 செம்மறி ஆடுகளின் கழுத்துத் தமனியில் தைத்து, ஆறு மாதம் பார்த்து ரிப்போர்ட் தர ஓர் ஆய்வுக்கூடத்தை அமர்த்தினோம். பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அதனால் ஊர், பேர் கேட்காதீர்கள். பெரிய விலங்கு என்பதால் விலங்குப் பரிசோதனைகளை மேற்பார்க்கும் மத்தியக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் காகித வேலையை அவர்களே சுத்தமாக முடித்துத் தந்தார்கள்.

எல்லாரும் கேட்பது, ஏன் ஆடு? பெருந்தமனியில் வைக்கிற பெரிய துணிக் குழாய்கள் வருஷக்கணக்கில் ஓடும். 6 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால்தான் அடைப்புத் தொல்லை. 1952இல் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற அமெரிக்க சர்ஜன் வினியான் என்ற செயற்கை இழைத் துணியில் செய்த குழாயை நாய்களில்தான் வைத்துக் காட்டினார். ஆனால் நாயின் உடம்பு கெட்டிக்கார உடம்பு, குழாயின் உட்பக்கம் முழுக்கத் தானே செல் படலம் போர்த்திவிடும். மனித உடம்பில் அது தையலை ஒட்டி ஓரிரு சென்டிமீட்டரோடு நின்றுபோகும். நாயில் பாஸான குழாயை நம்பி ஆளுக்கு வைக்க முடியாது. பண்ணைப் பன்றியோ ஆறு மாதத்தில் நம்மைவிடப் பருத்துவிடும். செம்மறி வளர்ந்தபின் எடை ஓரளவு நிலையாக இருக்கும், கழுத்தும் நீளம். நம் நாட்டில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் செய்த சித்திரா இதய வால்வும் 1990இல் மனிதருக்குப் போகுமுன் செம்மறிகளில்தான் தேர்வு எழுதியது.

ஆபரேஷன் தியேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பளபளவென்று. எனக்குப் பிடித்தது கொட்டில். ஒவ்வொரு தடுப்பிலும் சிலேட்டு மாட்டி, எப்போதிலிருந்து பட்டினி என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். அசைபோடும் பிராணிக்கு வயிறு நிறைந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் உள்ளே இருப்பது தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தடுப்புகளுக்கு நடுவே கம்பிதான், சுவர் இல்லை. ஆடு தனியாக இருந்தால் மிரளும், தீனி எடுக்காது. பக்கத்து ஆட்டின் முகம் தெரிய வேண்டும், ஆனால் அது வந்து தையலைக் கடித்துவிடக் கூடாது. இதை யோசித்துக் கட்டியவருக்கு ஒரு கும்பிடு.

அங்கே ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் தினமும் தண்ணீர் வைக்கும்போது ஒவ்வொரு கழுத்திலும் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. நாலாம் நம்பர் ஆட்டுக்கு ஆபரேஷன் ஆன 11ஆம் நாள் அவரே போன் பண்ணினார்: "சார், நாலாம் நம்பருக்குத் துடிப்பு கைக்குத் தட்டல." ஆடு வழக்கம்போல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கத் தமனி அடைத்தாலும் செம்மறி வெளியே காட்டாது. ஒப்பந்தப்படி டாப்ளர், அதாவது ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன், 28ஆம் நாள்தான். அண்ணன் இல்லாவிட்டால் எப்போது அடைத்தது என்றே தெரியாமல் போயிருக்கும். அது தெரிவதுதான் முக்கியம்: முதல் இரண்டு வாரத்தில் அடைத்தால் தையலையோ மடிப்பையோ சந்தேகப்பட வேண்டும், மாதங்கள் கழித்து என்றால் தையல் வாயில், அதாவது குழாயின் முனை தமனியோடு சேரும் இடத்தில், வளர்ந்த திசுவை.

டாப்ளரும் அடைப்பு என்றே சொன்னது. குழாயை எடுத்துப் படம் அனுப்பினார்கள். நடுவில் ஸ்ட்ரா மடங்கினாற்போல் ஒரு மடிப்பு. மேசையில் கழுத்தை இழுத்து நீட்டி வைத்து அளந்து வெட்டியிருக்கிறார்கள். ஆடு எழுந்து தலையைத் திருப்பியதும் நீளம் மிஞ்சிவிட்டது. சர்ஜன் மழுப்பவில்லை. இன்னும் ஆபரேஷன் ஆகாமல் மிச்சமிருந்த இரண்டு ஆடுகளுக்கும் கழுத்தைத் தளர்த்தி, இயல்பாக வைத்து அளந்தபிறகே கத்தரித்தார். அந்த இரண்டு குழாய்களும் கடைசிவரை அடைக்காமல் ஓடின.

இனி வயிற்றெரிச்சல். திசு ரிப்போர்ட் இரண்டு மாதம் தாமதம். வந்ததைத் திறந்தால் எல்லா ஸ்லைடும் குழாயின் நடுப்பகுதி! திசு தடித்து வழியை அடைப்பது தையல் வாயில்தான் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். ஆறு மாதம் காத்திருந்ததே அந்த இரண்டு முனைகளைப் பார்க்கத்தான். கேட்டால், "எந்த இடம்னு நீங்க எழுதித் தரலையே" என்றார்கள். நல்லவேளை, திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளைத் தூக்கிப் போடவில்லை. மறுபடி வெட்டித் தந்தார்கள், தனி பில்லோடு. 11ஆம் நாள் டாப்ளருக்கும் தனி பில்.

5க்கு மூன்றரை தரலாம். அந்த அரையும் அண்ணனுக்கு.

அடுத்த 6 ஆடுகளுக்கும் அங்கேதான் பேசியிருக்கிறோம். இந்த முறை ஒப்பந்தத்தோடு படம் வரைந்து இணைத்துவிட்டேன், எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று சிவப்புக் கோடு போட்டு. தினமும் காலையில் விரல் வைத்துத் துடிப்புப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். நேற்று கொட்டேஷன் வந்தது. அந்த வரிக்கும் கட்டணம் போட்டிருக்கிறார்கள்.