வடகடலா, தென்கடலா: ராமநாதபுரம் கரையில் குடும்பச் சுற்றுலா குறித்து ஒரு மதிப்பீடு

பள்ளி விடுமுறையில் கடலோரம் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், பெரும்பாலான குடும்பங்களின் நினைவுக்கு முதலில் வருபவை கோவளம், வர்கலா, கோகர்ணம், கோவா ஆகிய மேற்குக் கரை ஊர்கள்தாம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கரை அந்த வரிசையில் வருவதில்லை. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, ராமநாதசுவாமியைத் தரிசித்து, தனுஷ்கோடியில் சில படங்களை எடுத்துக்கொண்டு, அன்றிரவே மதுரைக்குத் திரும்பிவிடும் தலயாத்திரையாகவே அது எண்ணப்படுகிறது. முதிய தாயாரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெவ்வேறு பருவங்களில் இங்கே தங்கிப் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றின் பருவத்தை அறிந்து வரும் குடும்பத்துக்கு, மேற்குக் கரையின் பெயர்பெற்ற கடற்கரைகளைவிட இந்தக் கரை பொருத்தமானது. அறியாமல் வருபவர்களுக்கு வெயிலும் மணற்காற்றும்தான் மிஞ்சும்.

இதற்குக் காரணம், இங்கே கடல் ஒன்றன்று, இரண்டு. பாம்பன் தீவுக்கும் மண்டபம் நிலமுனைக்கும் வடக்கே பாக் நீரிணையின் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரார் இவற்றை வடகடல், தென்கடல் என்றும், அவற்றின் இயல்பை வைத்துப் பெண்கடல், ஆண்கடல் என்றும் குறிப்பிடுவார்கள். வடகடலின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமே உடையது. தென்கடல் கரையிலிருந்து விலக விலக விரைவாக ஆழம் கொள்கிறது. மே மாதத்தின் நடுவிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கிறது. நிலத்தின் மறைவில் கிடக்கும் வடகடலோ குளம்போல் அடங்கியிருக்கிறது. அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை அடிக்கும் பருவத்தில் நிலைமை தலைகீழாகிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இரண்டு கடல்களும் ஏறத்தாழ அமைதியாக இருக்கும். கோவாவிலும் கேரளத்திலும் தென்மேற்குப் பருவமழையால் கடலில் இறங்கவே கூடாது என்று உயிர்காப்பாளர்கள் சிவப்புக் கொடி நட்டுவைக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், மழை மறைவுப் பகுதியான இந்த மாவட்டத்தின் வடகரையில் பிள்ளைகளை இடுப்பளவு நீரில் விளையாட விடலாம் என்பதைச் சுற்றுலா விளம்பரம் எதிலும் நான் கண்டதில்லை. பாம்பனில் ஒரு படகுக்காரரிடம் விசாரித்தபோது, "தென்கடல் இன்னைக்குச் சரியில்லண்ணே, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வடகடல் பக்கம் போங்க" என்று தமக்கு வரவேண்டிய வாடகையையும் விட்டுக்கொடுத்துச் சொன்னார். பயண முகவர் அலுவலகங்களில் இந்த ஒரு வரி கிடைப்பதில்லை.

வடகடலைக் காண்பதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரையை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து சிறிது தூரம் உள்ளே சென்றால், சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் தெரிகிறது. சாய்வு மிகக் குறைந்த கரை என்பதால், நீருக்குள் வெகுதூரம் நடந்த பிறகும் பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேல் ஏறுவதில்லை. அலை என்று சொல்லத்தக்க அலையும் கோடையில் இல்லை. நீச்சல் தெரியாத பிள்ளை கடலை அஞ்சாமல் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதியவர்களுக்குச் சவுக்கு நிழல் இருக்கிறது. மெரினாவில் காலை எட்டு மணிக்கு மேல் உட்கார முடியாத என் தாயார், இங்கே பகல் பதினொரு மணி வரை பாயை விரித்து அமர்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேன்கள் வந்து குவிவதால், வார நாளில் செல்வதே நல்லது.

குறைகளும் உண்டு. வடகடலின் அடித்தளத்தில் கடற்புல் படுகைகள் பரவிக் கிடப்பதால், காற்று மாறும் நாட்களில் புல் கரையில் ஒதுங்கி அழுகி நாற்றமடிக்கும். நீலநிறக் கண்ணாடி நீரை எதிர்பார்த்து வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் புல்லைத் தின்றுதான் கடற்பசு வாழ்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நாற்றத்தை அவர்கள் மறந்துவிடுவார்கள். பெரியவர்களிடம் அந்த உத்தி செல்லுபடியாகாது. சில நாட்களில் சொறி எனப்படும் ஜெல்லி மீன் மிதந்து வருவதுண்டு. உடலில் பட்டால் எரிச்சலும் தடிப்பும் ஏற்படும் என்பதால், நீரில் இறங்குமுன் கரையிலுள்ள மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம். வாடைப் பருவத்தில் இதே கரை கலங்கிய நீரும் ஓயாத அலையுமாக மாறிவிடுகிறது. அரையாண்டு விடுமுறைக்கு அரியமானைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அருகிலுள்ள பிரப்பன்வலசையில் துடுப்புப் படகும், நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகையும் கற்றுத்தருகிறார்கள். பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு ஏற்றது. உயிர்காப்பு உடுப்பைச் சரியாகக் கட்டிவிட்டார்களா என்பதை மட்டும் பெற்றோர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கரையில் எனக்கு மிகவும் நிறைவு தந்த இடம், தொண்டிப் பக்கத்திலுள்ள காரங்காடு. மீனவக் கிராமத்து மக்களைச் சேர்த்துக்கொண்டு வனத்துறை நடத்தும் படகுச் சவாரி இது. அலையாத்திக் காட்டின் நடுவே ஓடும் கால்வாய்களில் படகு மெல்லச் சென்று, பின் கடலின் வாயில்வரை போய்த் திரும்புகிறது. சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களைப் பார்த்து, வேர் ஏன் மேலே வளர்கிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உப்புச் சேற்றில் காற்று இல்லாததால் மரம் வேரை வெளியே நீட்டி மூச்சுவிடுகிறது என்று படகோட்டியே விளக்கினார். பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோன செய்தி அங்கே கண்முன் நிற்கிறது. குளிர்காலத்தில் பறவைகளும் நிறைய வரும். வருமானத்தில் ஊராருக்குப் பங்கு இருப்பதாலோ என்னவோ, சுற்றுலாத் தலங்களில் வழக்கமாகக் காணும் அவசரமும் அதட்டலும் இங்கே இல்லை. மதிய வெயிலில் படகில் கூரையின் நிழல் முழுவதும் விழுவதில்லை என்பதால் காலையிலேயே சென்றுவிட வேண்டும். காரங்காட்டுக்குச் செல்லும் வழியில் தேவிபட்டினத்தில் இறங்கி, கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களான நவபாஷாணத்தைத் தரிசிக்கலாம். நடைமேடை இருப்பதால் முதியவர்களுக்குச் சிரமமில்லை, ஆனால் பரிகாரம் செய்யச் சொல்லித் தொடர்ந்து வருபவர்களுக்கு மறுமொழி சொல்லும் பொறுமை வேண்டும்.

தென்கடலுக்குரிய பருவத்தில் வருபவர்கள் பாம்பனின் குந்துகாலுக்குச் செல்லலாம். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று தாய்நாட்டு மண்ணில் கால் வைத்த இடம் அது; நினைவிடமும் இருக்கிறது. எதிரே தெரியும் குருசடைத் தீவு, 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் ஒன்று. அங்கே வனத்துறை அழைத்துச் செல்லும் படகு காற்றையும் நீரின் தெளிவையும் பொறுத்தே புறப்படும் என்பதால், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது அவசியம். கச்சான் பருவத்தில் அதை நம்பிப் பயணத் திட்டம் வகுக்கக் கூடாது.

இனி தனுஷ்கோடி. எல்லாரும் புகழும் இந்த இடத்தைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் ஊரையும் பயணிகளோடு ஒரு ரயிலையும் கொண்டுபோயிற்று. தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் இன்றும் நிற்கின்றன. 30 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் தலைமன்னார். அரிச்சல்முனைவரை 2017இல் தார்ச்சாலை திறக்கப்பட்டபின், மணலில் தட்டுத்தடுமாறிச் சென்ற பழைய வேன் பயணம் போய், எவரும் சொந்தக் காரில் முனைவரை செல்ல முடிகிறது. பார்க்க வேண்டிய இடம்தான், ஐயமில்லை. ஆனால் குடும்பத்தோடு ஒரு பொழுதைக் கழிக்க வேண்டிய இடமன்று. முனையில் நிழலில்லை, கச்சான் பருவத்தில் மணல் ஊசிபோல் முகத்தில் குத்துகிறது, இரு கடல்களின் நீரோட்டங்களும் மோதுவதால் அங்கே குளிப்பதற்குத் தடை உள்ளது. அந்த எச்சரிக்கைப் பலகையின் அருகிலேயே பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நீரில் இறங்கும் தந்தையரைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. காலை ஏழு மணிக்குள் சென்று, இடிபாடுகளையும் முனையையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்புவதே என் பரிந்துரை. மாலையில் சோதனைச் சாவடியில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள் என்பதால், சூரிய அஸ்தமனத்தை நம்பிப் பிந்திச் செல்பவர்கள் ஏமாற நேரும். திரும்பும் வழியில், புயலுக்கும் தப்பி நின்ற கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள உப்பங்கழியில் குளிர்காலத்தில் பூநாரைகளைக் காணலாம். தனுஷ்கோடியைவிட என் பிள்ளைகளுக்குப் பிடித்தது அதுதான்.

ராமேஸ்வரம் ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 22 தீர்த்தங்களிலும் நீராடும் எண்ணமிருந்தால் விடியற்காலையில் செல்ல வேண்டும்; ஈரப் பிராகாரம் வழுக்கும் என்பதால் முதியவர்களைக் கையைப் பிடித்து நடத்திச் செல்ல வேண்டும். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் ஊருக்குள் காலை வைக்கவே இடமிருக்காது. பித்ரு கடன் செலுத்த வருபவர்களுக்குரிய நாட்கள் அவை, சுற்றுலாவுக்கு உரியவையல்ல. பேக்கரும்பிலுள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்குக் கட்டாயம் போகலாம். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை என்பதால் பிள்ளைகள் உண்மையிலேயே காட்சிப் பொருள்களைப் பார்க்கிறார்கள். தங்கும் விடுதிகளின் நிலைதான் மனநிறைவு தரவில்லை. 'கடல் பார்த்த அறை' என்று கூடுதல் வாடகை வாங்கிய ஒரு விடுதியில், குளியலறைச் சன்னலை எக்கி நின்று பார்த்தால் மட்டுமே கடல் தெரிந்தது; குழாய் நீரும் உவர்ப்பு. அதன்பின் நாங்கள் மண்டபம், ராமநாதபுரம் பக்கத்திலேயே தங்கி, தீவுக்குக் காலையில் போய் வருவதை வழக்கமாக்கிக்கொண்டோம். இதனால் வடகரை இடங்களும் அருகிலாகின்றன.

ரயிலில் வருபவர்களுக்கு இப்போது வசதி கூடியிருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்றுபோன போக்குவரத்து, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதும் மீண்டது. நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும் பாலம் இது. இருபுறமும் கடல் தெரியப் பாலத்தைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே, காரில் வரும் குடும்பமும் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம்வரை ஒருமுறை ரயிலில் போய் வரலாம். சாலைப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் பின்னால் பேருந்துகள் வரிசையாக நிற்கும் அவலம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்களே மிகுதி. மீன் வேண்டுவோர் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வர வேண்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாயை அரைத்துப் பூசிப் பொரித்த விளமீனும், நண்டுக் குழம்பும் இக்கரையின் கைப்பக்குவம். இங்கே ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு வருவதும் சரியாக அதே நாட்களில்தான். அப்போது சில உணவகங்களில் பெரிய மீன் என்று தட்டில் வருவது வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாக இருக்கலாம், விலையும் கூடும். நாட்டுப்படகுக்காரர்கள் அன்றன்று பிடித்துவரும் சிறுமீன்களைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர்கள் அந்த நாட்களிலும் ஏமாறுவதில்லை. தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் உண்ணுமுன் மீனைக் காட்டச் சொல்லி, விலையைப் பேசிவிட்டு உட்காருங்கள்.

கோடையில் சாலையோரமெங்கும் நுங்கும் பதநீரும், தை மாதத்தில் பனங்கிழங்கும் கிடைக்கும். வீட்டுக்கு வாங்கிச் செல்லக் கருப்பட்டியும் பனையோலைப் பெட்டிகளும் போதும். பவளப்பாறைத் துண்டை யாரேனும் மறைவாகக் காட்டினால் வாங்காதீர்கள், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஊர் திரும்பும்போது அரை நாள் கையில் இருந்தால் கீழக்கரை வழியாகச் சென்று, தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டிய தொதல் வாங்கிக்கொள்ளலாம்.

மொத்தக் கரைக்கும் பொதுவான பெருங்குறை ஒன்று இருக்கிறது. பெண்களுக்கு உடைமாற்றும் அறையும் தூய கழிப்பறையும் தேவைக்கு ஏற்ற அளவில் இல்லை. கடலில் நனைந்த பெண்பிள்ளையைச் சேலையால் மறைத்துக் காரின் கதவோரம் உடைமாற்ற வைக்கும் தாய்மார்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அது சரியாகும்வரை, அறையிலிருந்து அரை மணி நேரத்துக்குள் எட்டும் கரைகளில் மட்டும் பிள்ளைகளை நீரில் இறக்குங்கள். மற்ற இடங்களைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.