தோட்டத்துச் சிற்பம்: கார்ட்டனா, 316 ஸ்டெயின்லெஸ்ஸா?

கார்ட்டன் என்பது தன் துருப்படலத்தாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும் எஃகு; 316 என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம். இரண்டின் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 47–48 கிலோ. கிரேன், அஸ்திவாரச் செலவில் பெரிய மாற்றம் இல்லை.

கார்ட்டன் எஃகு நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்துதான் அந்தக் கெட்டியான செம்பழுப்புப் படலத்தைப் பிடிக்கும். தண்ணீர் தேங்கும் மடிப்பு ஒன்று இருந்தால் போதும், அந்த இடம் மட்டும் அரித்துக்கொண்டே போகும். குழிவான பாகங்களின் அடியில் வடிகால் துளை கேளுங்கள். முதல் மழைக்காலங்களில் துருநீர் வழியும். கீழே வெளிர்நிறக் கல் பதிக்காமல் ஜல்லி பரப்புங்கள். கோவைக்கு நல்ல தேர்வு. கிழக்குக் கடற்கரைச் சாலைத் தோட்டத்துக்கு வேண்டாம்: உப்புக்காற்றில் படலம் நிலைக்காது, செதில் செதிலாக உதிரும்.

அங்கே 316தான், விலை கூடுதல் என்றாலும். அதிலுள்ள 2–3% மாலிப்டினம் உப்பைத் தாங்கும். 304 என்ற சாதாரண ஸ்டெயின்லெஸ் ரகத்தில் அது இல்லை. ஆனால் பட்டறையில் சாதா இரும்பைத் தேய்த்த டிஸ்க்கையே இதற்கும் போட்டால், ஒட்டிய துகளெல்லாம் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். தனி டிஸ்க், 316எல் வெல்டிங் கம்பி, வெல்டிங் கருப்பை நீக்கப் பிக்கிளிங் பேஸ்ட்: மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். உட்குழிந்த பரப்புக்குக் கண்ணாடி மெருகு கேட்காதீர்கள். வெயிலைக் குவித்துப் புல்லைக் கருக்கிவிடும்.