மழைக்காலக் கையிருப்புக்கு எந்த டின் ஓப்பனர்?

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவாரை பாலம் இடிந்து, மூணாறுக்கும் மறையூருக்கும் இடையே போக்குவரத்து நின்றதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தேயிலை எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே அரிசியும் பருப்பும் சேர்த்துவைப்பது வழக்கம். இப்போது மீன் டின், மில்க்மெய்ட், பட்டாணி டின் என்றும் அலமாரி நிறைகிறது. திறக்கும் கருவியைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. கடைசியில் அரிவாள் நுனிதான் கதி. சாலை அடைபட்ட நாளில் உள்ளங்கை கிழிந்தால் தையல் போட எங்கே போவது?

வளையத்தை இழுத்துத் திறக்கும் டின்கள் பெருகிவிட்டன, உண்மைதான். வளையம் கையோடு பிய்ந்து வந்துவிட்டால் அதற்கும் ஓப்பனர்தான் வேண்டும்.

குத்தி நெம்பும் பழைய கொக்கி வகை மலிவு. கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. ஆனால் வெட்டிய விளிம்பு ரம்பப் பல்லாக நிற்கும். வயதானவர்கள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

1942இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான பி-38, சாவிக்கொத்தில் அடங்கும் மடக்குத் தகடு. அவசரத்துக்கு அருமை. நாள்தோறும் திறந்தால் விரல் நோகும்.

இரண்டு பிடியும் ஒரு திருகும் உள்ள வகைதான் என் தேர்வு. பிடிகளை அழுத்தினால் வெட்டும் சக்கரம் மூடிக்குள் இறங்கும். பல்சக்கரம் விளிம்பை அடியிலிருந்து கவ்வும். திருகைச் சுற்றச் சுற்ற டின் தானாக நகரும். கடையிலேயே பிடிகளை மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெட்டும் சக்கரம் பல்சக்கரத்தின் மீது லேசாக ஏறி நிற்க வேண்டும். நடுவே இடைவெளி தெரிந்தாலோ, அசைத்தால் சக்கரம் ஆடினாலோ, பாதி மூடியில் வழுக்கிவிடும், வாங்காதீர்கள். திருகு நீளமான உலோகமாக இருக்கட்டும். கொழுந்து கிள்ளியே விரல் மூட்டு வீங்கிய நம் பெண்களுக்குக் குட்டைத் திருகு பெரும் வேதனை.

விளிம்பைப் பக்கவாட்டில் வெட்டும் புதிய வகையில் கூர்முனை மிஞ்சாது, மூடியும் உணவுக்குள் விழாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்லதுதான். ஆனால் விலை கூடுதல், நசுங்கிய விளிம்பில் தடுமாறும். ஜீப்பில் குலுங்கி மலையேறும் டின்களில் நசுங்காதது எத்தனை? (மடிப்பிலேயே ஆழமாக நசுங்கியதையும் உப்பியதையும் திறக்கவே வேண்டாம், எறிந்துவிடுங்கள்.)

எந்த வகையானாலும் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, அடுப்படிச் சூட்டில் ஈரம் போக உலர்த்துங்கள். இந்த மூடுபனியில் துரு சீக்கிரம் பிடிக்கும். துணைக்கு ஒரு பி-38 வாங்கி, மில்க்மெய்ட் டின்னோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவையுங்கள். இருட்டில் தேட வேண்டியிருக்காது.