9 வருடமாக ரோசுவாஸ்டாட்டின்: பரம்பரைக் கொழுப்போடு என் அனுபவம்

தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள் இரண்டு: ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. ஒன்று, எசெடிமைப் 10 மி.கி. ஒன்று. இதே மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்று தள்ளிப்போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 268. வயது 34, எடை 58 கிலோ. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள்; இளைத்த உடம்பில் இவ்வளவு கொழுப்பு எப்படி என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஆறு மாதம் வறுவல் பொரியலை விட்டேன், வெந்தயமும் பூண்டும் தின்றேன். 251-க்கு வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் போன இதய மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, காலைக் காட்டச் சொன்னார். குதிகாலுக்கு மேலே இருக்கும் நாணை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் பருமனுக்குத் தடித்து, கல் மாதிரி இருந்தது. செருப்பு வார் உரசிக் காய்த்துவிட்டது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது கொழுப்புப் படிவு. "அப்பா எப்படி இறந்தார்?" என்றார். 44 வயதில், மாரடைப்பில்.

ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்க, கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அதற்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். எனக்கு அப்பா வழியாக வந்தது பழுது. ஸ்டாட்டின், செல்லுக்குள் கொழுப்புத் தயாரிப்பைக் குறைக்கிறது. பற்றாக்குறை வந்ததும் செல் நல்ல பிரதியை வைத்தே ஏற்பிகளைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களை நான் அடிக்கடி நன்றியோடு நினைப்பேன்.

மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் 131. அளவை இரட்டிப்பாக்கினாலும் மேற்கொண்டு 6 சதவீதம் போலத்தான் இறங்கும் என்று சொல்லி, மருத்துவர் எசெடிமைப்பைச் சேர்த்தார். அது குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பது. 102-க்கு வந்தது.

தொடக்கத்தில் படி ஏறினால் தொடை வலித்தது. ரத்தப் பரிசோதனையில் தசைக்குப் பாதிப்பில்லை என்று தெரிந்தது. இரண்டு மாதத்தில் வலி போய்விட்டது. நான் செய்த தப்பு வேறு. மூன்றாம் வருடம் ஒரு உறவினர் கல்லீரல் கெட்டுவிடும் என்று பயமுறுத்த, யாரிடமும் கேட்காமல் நான்கு மாதம் நிறுத்திவிட்டேன். மறுபடி 259. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த மரபணுப் பழுது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்கு 88. மகளுக்கு 11 வயதில் 194. குழந்தைகள் மருத்துவர் சொன்னபடி குறைந்த அளவில் அவளும் மாத்திரை போடுகிறாள். இரவில் டம்ளரில் தண்ணீர் எடுத்து எனக்கும் சேர்த்து வைப்பது அவள்தான்.

அக்கா மட்டும் இன்னும் பரிசோதனைக்கு வரவில்லை. அவளுக்கு வயது 47. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நானே வண்டியில் லேபுக்குக் கூட்டிப்போகிறேன்.