நிஜ எலியா, திரையில் ஓடும் ஸ்னிஃபியா?

உளவியல் மாணவர்களுக்கு வலுவூட்டலை, அதாவது வெகுமதி கொடுத்து ஒரு நடத்தையைப் பெருக வைப்பதை, கற்றுக்கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் வடிவமைத்த, லீவரை அழுத்தினால் உணவு விழும் ஸ்கின்னர் பெட்டிக்குள் நிஜமான வெள்ளை எலியை விட்டு, லீவரை அழுத்தப் பழக்கலாம். இல்லையென்றால், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்னிஃபி என்ற கணினி எலியை அதே வேலைக்குப் பழக்கலாம். செலவு குறைவு என்பதற்காகவே பலர் ஸ்னிஃபியைப் பரிந்துரைக்கிறார்கள். என் கணக்கில் செலவுக்குக் கடைசி இடம்தான். எந்தப் பாடத்தை நடத்தப்போகிறோம் என்பதே முதல் கேள்வி.

லீவர் பக்கம் திரும்பினால் உணவு, அப்புறம் நெருங்கினால் மட்டும், பிறகு தொட்டால் மட்டும் என்று படிப்படியாக நடத்தையைச் செதுக்கும் கட்டத்தில் நிஜ எலிக்கு ஈடில்லை. ஒரு விநாடி தாமதித்தால் போதும். எலி அதற்குள் மூலையை மோப்பம் பிடிக்கத் திரும்பியிருக்கும், வெகுமதியும் அந்தத் திரும்பலுக்கே போய்ச் சேரும். புது இடத்துக்குப் பயந்து எலி உறைந்து நிற்கலாம். வயிறு நிறைந்ததும் வேலை நிறுத்தம் செய்யலாம். இந்தத் தலைவலிகளைச் சமாளிப்பதும் செய்முறையில் சேர்ந்ததுதான். உணவு விழும் ஓசையை எலி உணவோடு தொடர்புபடுத்திக் கற்றுவிட்டதா என்பதை, ஓசை கேட்டதும் அது கிண்ணத்துக்கு ஓடுகிறதா என்று பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். ஸ்னிஃபியிலோ அந்தத் தொடர்பின் வலிமையைத் திரையிலேயே படமாகக் காட்டிவிடுகிறார்கள். தொடக்க மாணவருக்கு உதவிதான், ஆனால் உற்றுப் பார்க்கும் பழக்கம் அதனால் வளராது.

வலுவூட்டல் அட்டவணைகள், அதாவது எத்தனை அழுத்தலுக்கு ஒருமுறை உணவு என்பது போன்ற விதிகள், என்று வந்தால் நிலைமை தலைகீழ். ஒவ்வோர் அழுத்தலுக்கும் உணவு என்பதிலிருந்து இருபது அழுத்தலுக்கு ஒருமுறை என்பதற்கு நிஜ எலியை ஒரே தாவலில் கொண்டுபோனால் அது சோர்ந்து கைவிட்டுவிடும். மெதுவாகத்தான் கூட்ட வேண்டும், அதற்குள் பருவமே முடிந்துவிடும். ஸ்னிஃபியில் நேரத்தை வேகப்படுத்தலாம். அதைவிடப் பெரிய வசதி, பழக்கிய எலியைக் கோப்பாகச் சேமித்து, ஒரு பிரதியை நிலையான விகிதத்திலும் (எப்போதும் அதே எண்ணிக்கை அழுத்தலுக்கு உணவு) இன்னொன்றை மாறும் விகிதத்திலும் (அந்த எண்ணிக்கை முறைக்கு முறை மாறும்) ஓடவிடலாம். ஒரே எலிக்கு இரண்டு வாழ்க்கை! நிஜ எலி கற்ற பழசை நம்மால் அழிக்க முடியாதே.

ஆனால் மென்பொருளுக்குள் இருப்பது அதை எழுதியவர்கள் ஏற்ற கோட்பாடு. அந்தக் கோட்பாடு தவறென்று அது ஒருநாளும் காட்டாது. ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதியர் 1961இல் எழுதிய கட்டுரையில் ஒரு ரக்கூன் வருகிறது. நாணயத்தைப் பெட்டியில் போட்டால் உணவு என்று பழக்கியும், அது நாணயங்களைப் போடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது. வலுவூட்டல் எல்லாவற்றையும் வெல்லாது என்று சொல்ல ஒரு விலங்கு தேவைப்பட்டது.

பராமரிப்பு, அறநெறி இரண்டிலும் ஸ்னிஃபிதான் முன்னே. விலங்குகளை ஆய்வில் பயன்படுத்துவது பற்றி 1959இல் ரசல், பர்ச் என்ற அறிஞர்கள் முன்வைத்த நெறிகளில் முதலாவதே விலங்குக்கு மாற்று தேடுவது. பசியை வைத்துப் பழக்கினால் எலியைத் தினமும் எடை பார்க்க வேண்டும். விடுமுறையிலும் ஆள் வேண்டும். படிப்பு முடிந்தபின் அது எங்கே போகும் என்பதையும் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

பெரிய வகுப்பு, அட்டவணைகளே இலக்கு என்றால் யோசிக்காமல் ஸ்னிஃபியை எடுக்கலாம். விலங்கு ஆய்வுக்குப் போக நினைக்கும் சிலருக்கு, அனுமதியும் பராமரிக்க ஆளும் இருந்தால், நிஜ எலி. இரண்டும் சரிவராவிட்டால் சக மாணவர் ஒருவரையே 'எலி' ஆக்கி, பேசாமல் கைதட்டலால் மட்டும் நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள். தாமதித்த ஒரு தட்டல் என்ன செய்யும் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.