நொய்யல் ஆவணங்களும் ஜோட்டெரோவின் குறிச்சொற்களும்

நொய்யல் ஆறு, அதன் குளங்கள், சாயக்கழிவு வழக்குகள் ஆகியவை குறித்து இணையத்தில் கிடைக்கும் செய்திகளையும் உத்தரவுகளையும் அறிக்கைகளையும் நான்கு ஆண்டுகளாகத் திருப்பூரில் இருந்தபடி சேகரித்து வருகிறேன். அவற்றை ஒழுங்குபடுத்த நான் பயன்படுத்துவது, 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஜோட்டெரோ என்னும் இலவச மென்பொருள். மேற்கோள் பட்டியல் தயாரிப்பதற்காகவே பலரும் இதை நிறுவுகிறார்கள். எனக்குப் பெருந்துணையாக இருப்பது, ஒவ்வோர் ஆவணத்துக்கும் நாமே அடையாளச் சொற்களை இட்டுவைக்க உதவும் இதன் குறிச்சொல் வசதிதான்.

தமிழில் ஆவணம் தேடுவோருக்கு இது எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஓர் ஊர்ப்பெயரே காட்டிவிடும். தேடல் பெட்டியில் 'ஈரோடு' என்று எழுதினால் 'ஈரோட்டில்', 'ஈரோட்டுக்கு' என்று மட்டுமே எழுதியிருக்கும் கட்டுரை அகப்படாது. உருபு ஏறும்போது நம் மொழியில் சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. பழைய அறிக்கைகளோ பெரும்பாலும் ஸ்கேன் செய்த வெறும் படங்கள்; அவற்றிலுள்ள சொற்கள் தேடலில் சிக்கா. 'ஈரோடு' என்று ஒருமுறை குறிச்சொல் இட்டுவிட்டால் இரண்டு இடர்களும் தீர்ந்துவிடும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு பற்றிய செய்திக்கு 'நொய்யல்', 'சாயக்கழிவு', 'உயர் நீதிமன்றம்' என மூன்று சொற்கள் இட்டிருக்கிறேன். இடப்பக்கப் பட்டியலில் 'நொய்யல்' என்பதைச் சொடுக்கி, அதனுடன் 'உயர் நீதிமன்றம்' என்பதையும் சொடுக்கினால், இரண்டும் உள்ள ஆவணங்கள் மட்டுமே திரையில் நிற்கும். ஒன்பது குறிச்சொற்கள் வரை நிறம் கொடுத்து, 1 முதல் 9 வரையுள்ள எண் விசைகளாலேயே அவற்றை இடலாம்.

சொற்களைத் தேர்வதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். தொடக்கத்தில் நான் 'கோவை', 'கோயம்புத்தூர்', 'கோயமுத்தூர்' என்று மனம்போல் எழுதியதால், ஒரே ஊரின் ஆவணங்கள் மூன்று இடங்களில் சிதறின. ஒன்றை மற்றொன்றின் பெயருக்கு மாற்றினால் இரண்டும் இணைந்துவிடும் என்பதால் ஒரு மாலையில் சரிசெய்ய முடிந்தது. 'பவானி' என்று மட்டும் இடுவதும் தவறு. ஆறா, ஊரா என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். நூலகத் தளங்களிலிருந்து சேமிக்கும்போது அங்குள்ள பொருள் தலைப்புகள் தாமாகவே குறிச்சொற்களாக வந்து பட்டியலை நிரப்பும்; அமைப்புகளுக்குச் சென்று முதல் நாளே அதை நிறுத்திவிடுவது நல்லது.

ஒரு குறிச்சொல்லின் கீழ் இன்னொன்றை அடுக்க இதில் வழியில்லை என்பது குறைதான். கோப்புகளுக்கான இலவச இணைய இடமும் 300 எம்பி மட்டுமே; ஸ்கேன் அறிக்கைகள் அதை விரைவில் நிரப்பிவிடும் என்பதால், அவற்றை என் கணினியிலேயே வைத்துக்கொண்டு, விவரங்களையும் குறிச்சொற்களையும் மட்டும் இணையத்தில் ஒத்திசைத்து வருகிறேன்.